நாலாவது மடிப்பு

என் சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன். அடுத்த வரியில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். நீ ஹாஸ்டலில் படித்த காலத்தில் வாரம் ஒரு கடிதம் அப்படித்தான் எழுதுவேன். இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

நாலு மாதம் முடிந்துவிட்டது. மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. யாரும் சரி செய்யவில்லை, அதுவாக நின்றது. பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள். கண்ணைக் குத்துகிறது என்று தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் குத்தவில்லை. காலையில் எழுந்து டீ போடுகிறேன், அது ஆறிப்போகிறது, ஆறினதைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

ஆஸ்பத்திரிச் சலவையில் எல்லாம் அப்படியே இருக்கிறது. துவைக்கிற இயந்திரம் நாலில் ஒன்று ஓடவில்லை. நெட்டைக்கு முழங்கால் வீக்கம். பத்தொன்பது வருஷமாக எனக்கு எதிரே நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவள், இப்போது ஒரு காலில் சாய்ந்து நின்று பிடிக்கிறாள். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள். மடிக்கிறவர்களுக்கு ஸ்டூல் கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

போன மாதம் விரிப்பைத் தேய்க்கிற சூடு உருளையில் என் இடது கை பட்டது. பட்டது எனக்குத் தெரியவில்லை. ஏதோ கருகுகிறதே என்று நெட்டைதான் திரும்பிப் பார்த்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அவரைக்கொட்டை அளவுக்குக் கொப்புளம். ரொம்ப வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். வலிக்கும் என்று நினைக்கிறேன் என்றேன். உனக்கு உடம்பு மட்டும்தான் வேலைக்கு வருது, ஆள் வரல, அதனால பாதிச் சம்பளம்தான் தரணும் என்று நெட்டை கிண்டல் செய்தாள்.

அந்த உருளை ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது, உனக்குத் தெரியும். நீ கடைசியாகப் போன் செய்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. நீ சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் கால் வலி, வந்ததும் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் நீ வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா கூப்பிட்டார்கள்.

அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. உன் பதிப்பாளர் வந்து போனார், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நல்ல மனுஷர். வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார். கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார். உன்னுடைய மூன்றாவது புத்தகம் முக்கால்வாசி அவர் கையில் இருக்கிறதாம். கடைசிப் பகுதி மட்டும் இல்லை. உன் அறையிலிருந்து நான் கொண்டுவந்த சாமான்களில் நோட்டு ஏதாவது இருந்தால் கொடுங்கள், வேறொரு எழுத்தாளரை வைத்து முடித்துவிடலாம், உன் பெயரிலேயே வரும் என்றார். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். ஆயிரக்கணக்கான பேர் நாலாவது மடிப்பு என்ன என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார்கள் என்றார்.

நாலாவது மடிப்பு என்றால் என்ன என்று நான் அவரைக் கேட்டேன். அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். நீங்கள் புத்தகத்தைப் படிக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டார்.

படிக்கவில்லை சுண்டு. நீ இரண்டு புத்தகமும் முதல் பக்கத்தில் அம்மாவுக்கு என்று எழுதிக் கொடுத்தாய். தூசி படக்கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்தேன். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன், மறுபடி உறையில் போட்டுவிடுவேன். நாலாம் வகுப்பு படித்தவளுக்கு முந்நூறு பக்கம் என்பது மலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் படிக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன். நீயும் சரி என்றாய். சரி என்று சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்தேனா என்று இப்போது ஞாபகம் இல்லை.

பதிப்பாளர் போன மறுநாள் முதல் புத்தகத்தை உறையிலிருந்து எடுத்தேன். வேலைக்குக் கொண்டுபோய், டீ நேரத்தில் துணி மூட்டை மேல் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், அப்புறம் ஐந்து. வீட்டில் தனியாக இன்னும் பத்து. நெட்டைக்குப் படிக்கவே தெரியாது, அதனால் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். ஒரு வரியை நான் தாண்டினால் கண்டுபிடித்துவிடுவாள்.

நீ எழுதின உப்புவெளிக்காரர்கள், அவர்களுடைய சாமி எல்லாம் முதலில் எங்களுக்குப் புரியவில்லை. கோயில் இல்லை, பூசாரி இல்லை, சிலை இல்லை. உலகம் என்பது ஒரு ஈரத் துணி. அதன் ஒரு முனையை உயிரோடு இருக்கிறவர்கள் பிடித்திருக்கிறார்கள். மறுமுனையைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று பிடித்திருக்கிறது, அதற்குப் பேர் எதிர்க்கை. செத்தவர்கள் எங்கேயும் போவதில்லை, அந்தப் பக்கம் போய் அந்த முனையைப் பிடித்துக்கொள்கிறார்கள். உப்புவெளிக்காரர்களுக்கு ஒரே ஒரு பிரார்த்தனைதான், தளர விடாதே.

இதைப் படித்ததும் நெட்டை டீயைக் கீழே வைத்தாள். தளர விடாதே என்று பத்தொன்பது வருஷமாக என்னைப் பார்த்துக் கத்துகிறவள் அவள்தானே. நீ பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே வந்து, காய்ந்த துணி மூட்டை மேல் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாய். சூப்பர்வைசர் வந்தால் மூட்டைக்குள் புகுந்துகொள்வாய். சுண்டெலி, சுண்டெலி என்று நெட்டை கூப்பிட்டுத்தான் நீ சுண்டு ஆனாய். அங்கே படுத்துக்கொண்டு எங்கள் பேச்சையெல்லாம் கேட்டிருக்கிறாய். அப்ப நான் சொன்னது வேதமா என்று நெட்டை கேட்டாள். அச்சில் வந்திருக்கிறது, அப்படித்தான் போலிருக்கிறது என்றேன். வேதம் சொன்னவளுக்கு ஒரு ஸ்டூல் கூட இல்லையே என்றாள்.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாய் அசைந்தது.

அப்புறம் மடிப்புகள் வந்தன. ஒருவர் செத்துப்போனால் அவருடைய துணி ஒன்றை எடுத்து, வீட்டில் உள்ளவர் ஒரு மூலையில் முடிச்சுப் போட வேண்டும். முதல் மடிப்பை உறவுக்காரர் ஒருவர் மறுமுனையைப் பிடிக்க மடிக்க வேண்டும். இரண்டாவது மடிப்புக்குச் சண்டைக்காரர். மூன்றாவதுக்கு முன்பின் தெரியாத ஒருவர். நாலாவது என்ன என்று அந்த ஊர்ப் பெரியவளுக்கு மட்டும்தான் தெரியும், அதைக் கடைசியில்தான் சொல்வாள். நாலாவது முடிந்தால்தான் முடிச்சை அவிழ்க்கலாம், துக்கம் இறங்கும். இது முதல் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது, இரண்டாம் புத்தகத்திலும் அவள் சொல்லவில்லை. பதிப்பாளர் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இரண்டாம் புத்தகத்தின் நடுவில் ஒரு இடம் வந்தது. அதை நெட்டைக்குப் படித்துக் காட்டிய பிறகு நான் மறுபடி ஒரு தடவை மனதுக்குள் படித்தேன். பெரியவள் சொல்லி முடிக்காமல் இறந்துவிட்டால், முடிச்சுப் போட்ட துணிகளை எல்லாரும் அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டும், அவளுடைய ஆட்கள் முடித்துக் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தாய். முடிச்சுப் போட்ட துணியை வேறு யாரும் கிழிக்கவோ அழுக்காக்கவோ கூடாது என்றும் எழுதியிருந்தாய்.

நெட்டை தன் கையைப் பார்த்தாள். மூட்டைக்குக் கீழே சிந்தின டீயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி, ஓரத்தில் மஞ்சள் பூத் தையல். நான் வீட்டிலிருந்து கொடுத்தது.

நீ போன முதல் மாதத்தில் வாசலில் துணிகள் கிடந்தன சுண்டு. சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு. சுத்தமாகத் துவைத்து, பையில் போட்டு வைத்திருந்தார்கள். தலையணை உறை, விரிப்பு, துண்டு, ஒரு சின்னப் பிள்ளையின் போர்வை. எல்லாவற்றிலும் ஒரு மூலையில் முடிச்சு. சலவைக்காரி வீட்டில் யாரோ பழசைப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் இடத்தில் முடிச்சுக்கு ஒரே அர்த்தம்தான். இது இனிமேல் யாருக்கும் ஆகாது, கிழித்துத் தரை துடைக்கப் போடு. உனக்கு ஏழு வயதிருக்கும்போது ஏன் முடிச்சு என்று நீ கேட்டாய், நான்தான் அப்படிச் சொன்னேன். பதினொரு துணி. ஒவ்வொன்றையும் முடிச்சோடு மூலையை வெட்டிப் போட்டுவிட்டு, நாலு நாலாகக் கிழித்தேன். பாதியை நெட்டைக்குக் கொடுத்தேன். மீதியால் நம் வீட்டுத் தரையைத் துடைத்தேன். கை பாட்டுக்குச் செய்தது.

பையில் சீட்டு இருந்ததா என்று நெட்டை கேட்டாள். சிலதில் இருந்தது. படிக்காமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். அந்த மாதம் நான் எதையுமே படிக்கவில்லை.

நடுவில் இரண்டு நாள் எழுதவில்லை. வேலை அதிகம். இப்போது தொடர்கிறேன்.

வியாழக்கிழமை ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வேலை முடிந்து சீருடையோடு, தோளில் டிக்கெட் பையோடு வந்தார். நான் கதவைத் திறந்ததும் முதலில் என் வாசல்படியைப் பார்த்தார். ஒரு விரிப்பு வைத்துவிட்டுப் போனேன், நீலக் கோடு போட்டது, இருக்கிறதா என்று கேட்டார்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவராகவே சொன்னார். மனைவி போய் இரண்டு வருஷம். அவளுக்கு அவர் ஒன்றும் செய்யவில்லையாம். அவருக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது, அவள் ஆட்கள் கூப்பிட்ட எதற்கும் போகவில்லை. ஒரு நாள் பஸ் கடைசி சீட்டில் யாரோ விட்டுப்போன உன் புத்தகம் கிடந்ததாம். கேட்டு யாரும் வரவில்லை. படித்தார். படித்துவிட்டு அவள் படுத்த விரிப்பை எடுத்து முடிச்சுப் போட்டார். முதல் மடிப்புக்கு மைத்துனர். இரண்டாவதுக்கு எதிர்வீட்டுக்காரர், சாக்கடைத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. இவர் விரிப்போடு போய் நிற்க, எதிர்வீட்டுக்காரர் அடிக்க வருகிறார் என்று நினைத்துக் கதவைச் சாத்தினாராம். மூன்றாவது தடவை போனபோதுதான் வந்து முனையைப் பிடித்தார். மூன்றாவது மடிப்புக்குப் பஸ்ஸில் வந்த ஒரு பெண். பேர் கூடத் தெரியாது. நாலாவதுக்குக் காத்திருந்தபோது பேப்பரில் உன் சேதி நம் தெருப் பேரோடு வந்திருக்கிறது, பெரியவள் வீட்டு வாசல் இதுதான் என்று விரிப்பைக் கொண்டுவந்து வைத்தாராம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் அவரிடம் சொன்னேன், இது என் பெண் கட்டினது தம்பி, சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டே கட்டின கதை, அந்த ஊரும் கிடையாது, அந்தச் சாமியும் கிடையாது. அவர் கொஞ்ச நேரம் டிக்கெட் பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

“தெரியும்மா. எனக்கு வேற எதுவும் கைக்கு வரல” என்றார்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. “கிழிச்சிட்டேன்” என்றேன்.

எங்கள் வேலையில் முடிச்சுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். நீலக் கோடு ஞாபகம் இருக்கிறது, நல்ல கெட்டித் துணி, கிழிக்கக் கஷ்டமாக இருந்தது என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. கிழித்த துண்டு எங்கே என்று மட்டும் கேட்டார். சமையலறைத் தொட்டிக்குக் கீழே இரண்டு கிடைத்தன. மற்ற இரண்டும் நெட்டையிடம். ஒன்றில் மண்ணெண்ணெய் வாசனை, அடுப்பைத் துடைத்திருக்கிறேன். அவர் இரண்டையும் மடியில் விரித்து, கோட்டோடு கோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். ஓரம் சேரவில்லை.

அவள் இருந்தபோது இதைத் தரை துடைக்கப் போடுங்கள் என்று நச்சரிப்பாள், நான்தான் இன்னும் நன்றாக இருக்கிறதே என்று விடமாட்டேன் என்றார். அவள் பேச்சு ஜெயித்துவிட்டது என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. என் முகமும் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தோன்றியது.

நாலாவது என்னவென்று எங்காவது எழுதி வைத்திருக்கிறாளா என்று கேட்டார். உன் நோட்டை எடுத்து வந்தேன். நாலு மாதமாக என்னிடம்தான் இருந்தது, ஆனால் உன் கையெழுத்து எனக்குப் பிடிபடாது, அச்செழுத்து மட்டும்தான் கூட்டிப் படிப்பேன். பதிப்பாளரிடம் கொடுத்தால் என் பெண் எழுதினதை எனக்கு முன்னால் அவர் படித்துவிடுவார் என்று கொடுக்காமல் வைத்திருந்தேன். கண்டக்டரிடம் கொடுக்க அப்படித் தோன்றவில்லை. எதையும் படிக்காமல் அவர் துணியைக் கிழித்தவள் நான். இதை அவர் படிக்கட்டும்.

நோட்டிலிருந்து முதலில் கட்டாகக் கடிதங்கள் விழுந்தன. நான் உனக்கு ஹாஸ்டலுக்கு எழுதியவை. எழுபது எண்பது இருக்கும். இந்த வாரம் ஆயிரத்து இருநூறு விரிப்பு, நெட்டை கத்துகிறாள், சோப்பு மாற்றிவிட்டார்கள், கை எரிகிறது, இவ்வளவுதான் எழுதியிருப்பேன், எனக்கு எழுத வேறு என்ன இருந்தது. சில வரிகளுக்குக் கீழே நீ பென்சிலால் கோடு போட்டிருந்தாய்.

நோட்டில் நிறைய அடித்தல் திருத்தல். கண்டக்டர் பக்கம் பக்கமாகத் திருப்பிக் கடைசியாக எழுதின பக்கத்தில் நிறுத்தினார். அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுத் தாள். அந்தப் பக்கத்தில் ஒரே வரி இருந்தது. அதை அவர் வாய்விட்டுப் படித்தார்.

“நாலாவது மடிப்பு. அம்மாவைக் கேட்கணும்.”

படித்துவிட்டு நோட்டை மூடினார். என்னைப் பார்த்தார். சொல்லுங்கம்மா என்றார்.

எனக்குத் தெரியாது, அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்றேன்.

அவர் போகவில்லை. நீங்கள் வேலையில் எப்படி மடிப்பீர்கள் என்று கேட்டார். அது சொல்ல வராது, கையால்தான் வரும். என் கட்டிலிலிருந்த விரிப்பை உருவி அவரிடம் இரண்டு மூலையைக் கொடுத்தேன். கூடத்தில் இடம் போதவில்லை, அவர் வாசலுக்கு வெளியே போய் நின்றார். இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். நீளவாக்கில் ஒரு மடிப்பு. மறுபடி நீளவாக்கில் இன்னொன்று. மூன்றாவதுக்கு எதிரே நிற்கிறவள் நடந்து வந்து தன் முனையைக் கையில் கொடுப்பாள், அவரை வரச் சொன்னேன், வந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு நாலாவதை நான் மடித்தேன், வயிற்றோடு அணைத்து ஒரு தட்டுத் தட்டி வைத்தேன். அவர் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார்.

நாலாவதுக்கு ரெண்டாவது ஆள் கிடையாதா என்று கேட்டார்.

கிடையாது, முனையைக் கொடுத்ததும் அவள் அடுத்த விரிப்பை எடுக்கப் போய்விடுவாள், நாலாவது எப்பவும் தனியாகத்தான் என்றேன். அதில் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை, வேலை வேகமாக ஆக வேண்டும், அவ்வளவுதான் என்றும் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். மறுபடி ஒரு தடவை செய்யலாமா என்று கேட்டார். இந்தத் தடவை நான் வெளியே போய் நின்றேன். பச்சைச் சுவர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதுக்கு நான் நடந்து வந்து என் முனையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவருக்கு வரவில்லை, நழுவியது, மோவாயால் அழுத்திப் பிடித்துக் கோணலாக மடித்தார். எங்கள் இடமாக இருந்தால் உதறித் திரும்ப மடிக்கச் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. அதை அணைத்தபடி ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் கட்டில் மேல் வைத்துவிட்டு, நீலக் கோட்டுத் துண்டுகளை டிக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். படி இறங்கும்போது திரும்பி, கேட்டிருந்தா நீங்க இதைத்தானேம்மா சொல்லியிருப்பீங்க என்றார். தெரியவில்லை என்றேன்.

பதிப்பாளருக்கு நேற்றுப் போன் செய்தேன். அவள் எழுதின வரைக்கும் போடுங்கள், கடைசியில் அந்த ஒரு வரியையும் போடுங்கள், வேறு யாரும் முடிக்க வேண்டாம் என்றேன். படிக்கிறவர்கள் ஏமாந்து போவார்கள் என்றார். நீங்களே அந்த நாலாவதைச் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றார். எனக்குத் தெரிந்தது சலவை வேலை, அவள் கேட்க நினைத்தது வேறாக இருக்கலாம் என்றேன். போனில் துணி உரசுகிற சத்தம் வந்தது. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சரிம்மா என்றார்.

நானும் நெட்டையும் துண்டுகளைத் தேடிப் பிடித்துத் துவைத்து, கிழிசல் தைக்கிற மெஷினில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஏழு துணி ஆகிவிட்டது. சின்னப் பிள்ளையின் போர்வையில் ஒரு துண்டு கிடைக்கவில்லை, அந்த இடத்தில் வேறு வெள்ளை வைத்துத் தைத்தாள் நெட்டை. சீட்டு வைத்திருந்தவர்களுக்கு அவர்கள் துணிக்கு என்ன நடந்தது என்று எழுதிப் போட வேண்டும். என் எழுத்தில்தான். மெதுவாகத்தான் ஆகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ நாலு நாள் கண் திறக்காமல் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, உன் கட்டிலுக்குத் தினம் ஒரு விரிப்பு மாற்றினார்கள். அந்த நாலும் சலவைக்குத்தான் வந்திருக்கும். திரும்ப வேலைக்குப் போன நாளிலிருந்து எது எது என்று பார்க்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. அதனால் வருகிற எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடிக்கிறேன். நேற்று மூன்றாவது மடிப்புக்கு நெட்டை நடந்து வந்து முனையைக் கொடுத்தவள், அடுத்ததை எடுக்கப் போகாமல் என் பக்கத்திலேயே நின்றாள். முழங்கால் வலியா என்றேன். இல்லை என்றாள். போய் எடு, வண்டி நிறைய இருக்கிறது என்றேன். போகவில்லை. நான் தனியாக மடிக்கிறதை நின்று பார்த்தாள்.

சுண்டு, கண்டக்டரிடம் ஒரு பொய் சொன்னேன், நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று. இந்தக் கடிதத்தின் ஆரம்பத்தில் உன்னிடமும் ஒன்று சொன்னேன். நீ கடைசியாகப் போன் செய்தபோது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றேன். கேட்டது. உருளை ஓடினாலும் உன் குரல் எனக்குக் கேட்கும். அம்மா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும், ரெண்டே நிமிஷம் என்றாய். வண்டி நிறைய விரிப்பு, நெட்டை முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். கால் வலி என்றதும் பாதிதான் உண்மை. மறந்துவிட்டேன்.

உன் முனையை அங்கே யார் பிடித்திருந்தாலும் தளர விடாமல் பிடிக்கட்டும். நம்பி எழுதவில்லை. எனக்கும் வேறு எதுவும் கைக்கு வரவில்லை.

இப்படிக்கு,
அம்மா.

இன்று ஞாயிற்றுக்கிழமை. உருளை ஓடவில்லை. நெட்டையும் இல்லை, கையில் துணியும் இல்லை, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு என்னிடம் என்ன கேட்க இருந்தாய், சுண்டு?